பள்ளி மேடையில் ஓராண்டு: டர்பனில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலையாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து பிள்ளைகளை இங்கே எட்டாம் வகுப்பில் சேர்க்கும் தமிழ்க் குடும்பங்கள், பள்ளி நாடகம் என்று வந்தவுடன் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கின்றன. எங்கள் பிள்ளைகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளியில் நாடகத்துக்கு உடை தைக்கும் பெற்றோர் குழுவில் நான் இருப்பதால், கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதும் வாட்ஸ்அப்பிலும் அந்தக் கேள்விகள் என்னிடம் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில்களை எழுதியிருக்கிறேன். பள்ளிக்குப் பள்ளி வழக்கம் கொஞ்சம் மாறும். உங்கள் பள்ளியின் சுற்றறிக்கை வேறாகச் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

“மேஜர் புரொடக்‌ஷன்னு லெட்டர் வந்திருக்கு. நம்ம ஊர் ஆண்டு விழா மாதிரியா?”

இல்லை. ஆண்டு விழா ஒரே மாலையில் முடிந்துவிடும்: வரவேற்புரை, பரிசு, வகுப்புக்கு ஒரு சினிமாப் பாட்டு, நன்றியுரை. மேஜர் புரொடக்‌ஷன் என்பது முழு நீள நாடகம் ஒன்று. பெரும்பாலும் பாட்டும் நடனமும் சேர்ந்த இசை நாடகமாக இருக்கும். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, தொடர்ந்து சில இரவுகள், டிக்கெட் விற்று நடத்துவார்கள். சில பள்ளிகளில் ஆண்டுதோறும் உண்டு. சில பள்ளிகள் ஒன்றுவிட்டு ஓராண்டுதான் போடுகின்றன.

ஒரு வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே எல்லாப் பிள்ளைகளையும் எப்படியாவது ஒரு நிமிடம் மேடையில் காட்டிவிட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. தேர்வு உண்டு, வராதவரை நீக்குவதும் உண்டு. நம் பெற்றோருக்கு வரும் பாதிக் குழப்பம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

“வருஷத்துல எந்த மாசம் என்ன நடக்கும்? ஒரு கணக்கு சொல்லுங்களேன்.”

இங்கே கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது, நான்கு பருவங்கள். முதல் பருவத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரவேற்பு, கொயர் என்ற கூட்டுப் பாடல் குழுவுக்கான சேர்க்கை, பெரிய நாடகத்துக்கான ஆடிஷன் ஆகியவை நடக்கும். தடகளப் போட்டிகளும் அதே வாரங்களில் வருவதால் பிள்ளைகள் திணறுவார்கள். பெரிய நாடகம் பெரும்பாலும் இரண்டாம் பருவத்திலோ மூன்றாம் பருவத் தொடக்கத்திலோ மேடையேறும். நடுவில் ஜூன் தேர்வுகள்.

மூன்றாம் பருவம்தான் நெரிசல். ஹவுஸ் பிளே, ஐஸ்டெட்ஃபோட் என்ற கலைப்போட்டி, இசை மாலை, செப்டம்பர் 24 மரபு நாளையொட்டிய கலை நிகழ்ச்சி எல்லாம் அப்போது வரும். மேட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) பிள்ளைகளுக்கு முன்னோட்டத் தேர்வும் அதே சமயத்தில்தான். நான்காம் பருவத்தில் மேடை அடங்கிவிடும். பரிசளிப்பு விழாவில் கொயர் பாடும், சில பள்ளிகளில் கிறிஸ்துமஸ் கீதங்கள் இருக்கும், அவ்வளவுதான். ஜனவரியிலேயே பள்ளி நாட்காட்டியை வாங்கி, ஊருக்கு விமான டிக்கெட் போடும் முன் ஒருமுறை பாருங்கள். ஜூலை விடுமுறைக்கு இரண்டு நாள் முன்னால் கிளம்பிவிட்டு, பிள்ளையின் இடம் போய்விட்டதென்று வருந்தும் குடும்பங்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

“ஹவுஸ் பிளேன்னா என்ன? அதுவும் டீச்சர்தான் நடத்துவாங்களா?”

பள்ளி முழுவதையும் நான்கைந்து ஹவுஸாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு ஹவுஸும் அரைமணி நேரத்துக்கு உட்பட்ட நாடகம் ஒன்றைப் போட்டிக்குப் போடும். எழுதுவது, இயக்குவது, ஒளி, ஒலி எல்லாமே மாணவர்கள் பொறுப்பு. பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருவர் இயக்குநராக இருப்பார். ஆசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து, சண்டை முற்றும்போது மட்டும் எழுந்து வருவார்.

என்னைக் கேட்டால் பெரிய நாடகத்தைவிட இதுதான் மேல். திரை பாதியில் சிக்கும், வசனம் மறந்துபோகும், தாடி கழன்று விழும். ஆனாலும் பதினாறு வயதுப் பிள்ளை முப்பது பேரைக் கூட்டி வைத்து, நேரத்துக்கு வரவழைத்து, ஒரு காரியத்தை முடித்துக் காட்டுகிறது. பெரிய நாடகத்தில் பிள்ளைக்கு இடம் கிடைக்காவிட்டால் ஹவுஸ் பிளேவில் சேரச் சொல்லுங்கள். அங்கே ஆள் எப்போதும் போதாது.

“பையன் ரொம்பக் கூச்சப்படுவான், நடிப்பெல்லாம் வராது. அவனுக்கு இதுல என்ன இருக்கு?”

மேடையில் நிற்பவர்களுக்கு நிகராக மேடைக்குப் பின்னாலும் வேலை இருக்கிறது. விளக்குப் பலகையில் இரண்டு பேர், ஒலிப் பலகையில் இரண்டு பேர், காட்சிப் பொருட்களுக்கு ஒரு மேசையும் அதற்கொரு காவலாளியும், தட்டிகளைத் தள்ள நான்கைந்து பேர், உடை மாற்ற உதவ சிலர். இவர்கள் எல்லோரையும் காதொலிக் கருவியில் இயக்குபவர் ஸ்டேஜ் மேனேஜர். நாடகம் தொடங்கிவிட்டால் இயக்குநரான ஆசிரியர்கூட அவரை மீறக் கூடாது. “விளக்கு பதினேழு, தயார்… போ” என்று அவர் சொன்னால்தான் இருட்டும் வெளிச்சமும் வரும்.

கூச்சமுள்ள பிள்ளைகள் இந்த வேலையில் வெளுத்து வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, சத்தமில்லாத கறுப்புக் காலணி இருந்தால் போதும். வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்த பிள்ளைக்கு இன்னொரு லாபமும் உண்டு: கை வேலையோடு பேசிப் பழகுவதால் நண்பர்கள் சீக்கிரம் கிடைப்பார்கள். நாடகத்தில் சேர்ப்பது என்றாலே நடிக்க அனுப்புவது என்று நம்மவர்கள் நினைத்துக்கொள்வதுதான் எனக்கு இருக்கும் ஒரே மனத்தாங்கல்.

“டிராமாட்டிக் ஆர்ட்ஸ்னு ஒரு பாடம் இருக்காமே. இந்த நாடகமும் அதுவும் ஒண்ணா? மார்க் வருமா?”

இரண்டும் வேறு. பள்ளி நாடகம் பாடத்துக்கு வெளியே நடப்பது, மதிப்பெண் கிடையாது. ஒன்பதாம் வகுப்புவரை படைப்புக் கலைகள் என்ற பாடம் எல்லோருக்கும் உண்டு. நடனம், நாடகம், இசை, ஓவியம் ஆகிய நான்கில் இரண்டைப் படிப்பார்கள். பத்தாம் வகுப்பில் நுழையும்போது விருப்பப் பாடமாக டிராமாட்டிக் ஆர்ட்ஸையோ இசையையோ எடுக்கலாம். மேட்ரிக் சான்றிதழுக்கு ஏழு பாடங்கள்: இரண்டு மொழி, கணிதம் அல்லது கணித எழுத்தறிவு, வாழ்க்கை நெறி, மேலும் மூன்று விருப்பப் பாடங்கள். அந்த மூன்றில் ஒன்றாக இது வரும்.

சுலபமான பாடம் என்று நம்பிச் சேர்க்காதீர்கள். செய்முறைத் தேர்வும் உண்டு, எழுத்துத் தேர்வும் உண்டு. எழுத்துத் தேர்வில் நாடகப் பிரதிகளை அலசிக் கட்டுரை எழுத வேண்டும்; மனப்பாடம் எடுபடாது.

“படிப்பு கெட்டுப்போகாதா?”

நாடகம் மேடையேறும் வாரத்திலும் அதற்கு முந்தைய வாரத்திலும் கெடும். அதை மறைத்துப் பயனில்லை. இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வரும் பிள்ளை வீட்டுப்பாடம் செய்யாது, காலையில் எழுந்திருக்கவும் செய்யாது. மற்ற நேரங்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று மாலைகள்தான் போகும். கிரிக்கெட்டுக்குப் போகும் பிள்ளைக்கும் அதே அளவு நேரம் போகிறது. அதை யாரும் கேட்பதில்லை.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஒரே பருவத்தில் பெரிய நாடகம், கொயர், மாரிம்பா (மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி), விவாத மேடை என்று நான்கிலும் பெயர் கொடுத்துவிட்டு வரும் பிள்ளையிடம் இரண்டை விடச் சொல்லுங்கள். எந்த இரண்டு என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

“ஆடிஷனுக்கு என்ன தயார் பண்ணணும்?”

சுற்றறிக்கையில் சொல்லியிருப்பார்கள். வழக்கமாக ஒரு நிமிட வசனம், ஒரு பாட்டின் சில வரிகள், அப்புறம் கூட்டமாக நிறுத்தி ஒரு நடன அசைவைக் கற்றுக்கொடுத்து ஆடச் சொல்வது. ஆடிஷனில் தேறியவர்களை இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிடுவார்கள். அதில் இரண்டு பேரைச் சேர்த்து நிறுத்தி, யாரோடு யார் பொருந்துகிறார் என்று பார்ப்பார்கள். பிறகு பெயர்ப் பட்டியல் ஒட்டப்படும்.

பாட்டைக் கைப்பேசியில் கரோக்கி போட்டுப் பழகுங்கள், மூலப் பாடகரோடு சேர்ந்து பாடிப் பழக வேண்டாம். வசனத்தை நின்றுகொண்டு பழகுங்கள். வீட்டில் அப்பா அம்மா உட்கார்ந்து திருத்தங்கள் சொல்லிச் சொல்லி, பிள்ளை கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். தேர்வு செய்பவர் நடுவில் நிறுத்தி, “இதையே கோபமாகச் சொல்” என்பார். ஒப்பிக்கும் பிள்ளை அங்கேதான் விழும்.

“பொண்ணு பேசுற இங்கிலீஷ் நம்ம ஊர் உச்சரிப்புதான். அதனால ஒதுக்கிடுவாங்களா?”

இந்த நாட்டில் 12 ஆட்சி மொழிகள். பன்னிரண்டாவதாகச் சைகை மொழி 2023-இல் சேர்ந்தது. ஒரு வகுப்பிலேயே ஜூலு வீட்டுப் பிள்ளையின் ஆங்கிலம் ஒரு மாதிரி, ஆஃப்ரிகான்ஸ் வீட்டுப் பிள்ளையின் ஆங்கிலம் ஒரு மாதிரி, இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பிள்ளைகள் பேசுவது இன்னொரு மாதிரி. இன்னதுதான் சரி என்று ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆசிரியர் இப்போது அரிது. பின்வரிசைக்குக் கேட்கிறதா, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வருகின்றனவா என்றுதான் பார்ப்பார்கள்.

நம் பிள்ளைகளுக்கு உண்மையான சிக்கல் வேகம். வீட்டில் தமிழ் பேசும் அதே ஓட்டத்தில் ஆங்கிலத்தையும் பேசி முடித்துவிடுவார்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல் விழுங்கப்படும். அதை மட்டும் திருத்தினால் போதும்.

“கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டு இருக்கா. கொயர்ல பாடினா குரல் கெட்டுடும்னு பாட்டு டீச்சர் சொல்றாங்களே?”

குரல் கெடாது; பழக்கம்தான் மோதும். கர்நாடக இசையில் ஒருவர் குரல் முன்னே நிற்கும், ஸ்வரங்கள் அசைந்து வரும். கொயரில் நாற்பது பேர் குரலும் ஒன்றாக ஒலிக்க வேண்டும், கமகம் கூடாது, தனியாகத் தெரிந்தால் நடத்துநர் முறைப்பார். முதல் மாதம் உங்கள் மகளிடம் “நேராகப் பாடு, அசைக்காதே” என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். மனம் தளர வேண்டாம். அடுத்த குரல் வேறு ஸ்வரத்தில் போகும்போது தன் வரியை விடாமல் பிடித்திருப்பது அவளுக்குப் புதுப் பயிற்சி. அதற்கும் கொஞ்ச நாள் ஆகும்.

இன்னொரு பக்கம் அவளுக்குப் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. தென்னாப்பிரிக்கக் கொயர்களில் டானிக் சோல்ஃபா என்ற எழுத்துமுறை பரவலாகப் புழங்குகிறது. ‘டோ’ எந்தச் சுருதியிலும் இருக்கலாம், மற்றவை அதிலிருந்து கணக்கு. ஆதார ஷட்ஜத்தை எங்கு வைத்தாலும் சரிகம பாடப் பழகிய பிள்ளை இதை ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ளும். தாளக் கணக்கும் கைவசம் இருப்பதால் மாரிம்பாக் குழுவிலும் நன்றாகச் சேர்ந்துகொள்வாள்.

கொயரில் ஜூலு, கோசாப் பாடல்கள் கட்டாயம் வரும். நாக்கைச் சொடுக்கும் ஒலிகள் முதலில் சிரிப்பை வரவழைக்கும், பிறகு பழகிவிடும். தேசிய கீதமே ஐந்து மொழிகளில் இருக்கிறது. அதைப் பிழையில்லாமல் பாடத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

“ஐஸ்டெட்ஃபோட்ல ஃபர்ஸ்ட் பிரைஸ் எத்தனை பேருக்கு?”

இது வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த கலைப்போட்டி வழக்கம். பல இடங்களில் முதல், இரண்டாம் என்ற வரிசையைவிடத் தரம்தான் முக்கியம். நடுவர் ஒரு தர அளவை வைத்து மதிப்பிடுவார். அந்த அளவை எட்டிய எல்லோருக்கும் தங்கச் சான்றிதழ் கிடைக்கலாம், யாருக்குமே கிடைக்காமலும் போகலாம். கூடவே எழுத்தில் குறிப்பு தருவார்கள். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டுக் குறிப்பைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். குறிப்பைத்தான் பத்திரப்படுத்த வேண்டும்.

தமிழ் அமைப்புகள் நடத்தும் தமிழ் ஐஸ்டெட்ஃபோட்டும் இங்கே உண்டு: பாட்டு, பேச்சு, கவிதை ஒப்புவித்தல், நடனம். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த பிள்ளைகள் அங்கே போனால் ஒரு விஷயத்தைக் கவனிப்பார்கள். நாலைந்து தலைமுறையாகத் தமிழ் வீட்டுமொழியாக இல்லாத பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் படித்து, தேவாரத்தைச் சுருதி விலகாமல் பாடுவார்கள். உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம் என்று கிளம்பும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

“செலவு எவ்வளவு ஆகும்? டிக்கெட்டும் நாமதான் வாங்கணுமாமே?”

பல பள்ளிகளில் பங்கேற்புக் கட்டணம் ஒன்று இருக்கும். அதற்கு மேல் காலணி, உள்ளாடை, ஒப்பனைப் பொருள், சில நேரம் பெயர் அச்சிட்ட சட்டை. பெரிய உடைகளைப் பள்ளியே தரும், முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். உங்கள் வீட்டில் ஒதுக்கி வைத்த பட்டுப் புடவை, ஜரிகைத் துணி இருந்தால் உடைக்குழுவிடம் கொடுங்கள். அரச சபைக் காட்சி எந்த நாட்டில் நடந்தாலும் எங்களுக்குக் காஞ்சிபுரம் கரை தேவைப்படுகிறது.

டிக்கெட் பெற்றோருக்கும் உண்டு. பார்வையாளர் வருமானத்தில்தான் உரிமக் கட்டணம், ஒலிக்கருவி வாடகை, மைக்குக்கான பேட்டரி எல்லாம் அடங்குகின்றன. போதாததற்குப் பிரியாணி விற்பனை, சமோசா விற்பனை, சீருடை இல்லாமல் வர ஒரு நாள் கட்டணம் என்று பணம் திரட்டுவார்கள். கட்ட முடியாத நிலை என்றால் அலுவலகத்தில் தனியாகப் பேசுங்கள். இதற்காகப் பிள்ளையை விலக்கிவிடுவார்கள் என்று பயந்துகொண்டு நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

“உரிமக் கட்டணமா? பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஆடறதுக்கு எதுக்குங்க காசு?”

டிக்கெட் விற்றாலும் விற்காவிட்டாலும், பதிப்புரிமை உள்ள நாடகத்தைப் பொதுமக்கள் முன் போடுவதற்கு எழுதியவரின் அனுமதி வேண்டும். நாடகப் பிரதிகளுக்கான உரிமங்களைத் தென்னாப்பிரிக்காவில் ‘டால்ரோ’ என்ற அமைப்பு வழங்குகிறது. வெளிநாட்டு இசை நாடகங்களுக்கு அந்தந்த உரிம நிறுவனங்கள் இருக்கின்றன. பள்ளிகளுக்கென்றே சுருக்கிய பதிப்புகளும் அவர்களிடம் கிடைக்கும். தனித்தனிப் பாடல்களைக் கச்சேரியில் பாடுவதற்கான உரிமம் ‘சாம்ரோ’விடம். வெளிநாட்டுச் சங்கங்களோடு ஒப்பந்தம் இருப்பதால் வெளிநாட்டுப் பாடல்களும் அதில் வரும். சாம்ரோ உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு முழு இசை நாடகம் ஒன்றைப் போட்டுவிட முடியாது.

“அப்ப நம்ம பாரதியார் பாட்டை வெச்சுப் போட்டா?” என்று ஒருவர் கேட்டார். தாராளமாகப் போடலாம். இங்கே 1978-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்துப் படைப்புக்குப் பாதுகாப்பு, எழுதியவர் இறந்த பிறகு 50 ஆண்டுவரை. பாரதியார் 1921-இல் இறந்தார். ஆனால் அந்தப் பாட்டுக்குப் பிற்காலத்தில் ஒருவர் போட்ட சினிமா மெட்டும், ஒலிப்பதிவும் வேறு கணக்கு. பாட்டு மட்டும் எடுத்து, மெட்டைப் பிள்ளைகளே போட்டால் தொல்லையில்லை.

“முழு நாடகத்தையும் வீடியோ எடுத்து யூடியூப்ல போட்டா ஊர்ல தாத்தா பாட்டி பார்ப்பாங்க. தப்பா?”

தப்புதான், இரண்டு காரணங்களால். மேலே சொன்ன உரிமம் மேடையில் நடத்துவதற்கு மட்டும்; பதிவுசெய்து பரப்புவதற்குத் தனி அனுமதி வேண்டும், பல நாடகங்களுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. இரண்டாவது, மேடையில் மற்றவர்களுடைய பிள்ளைகளும் நிற்கிறார்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ‘போப்பியா’ 2021 ஜூலையிலிருந்து முழு வீச்சில் இருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் விஷயத்தில் பள்ளிகள் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் படத்தை வெளியிடாது. நீங்களும் வெளியிடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளும்.

நாடகம் முடிந்தபின் உடையோடு உங்கள் பிள்ளையை மட்டும் நிறுத்திப் படம் எடுங்கள், வீட்டில் ஒரு பாட்டைப் பாடவைத்துப் பதிவுசெய்து அனுப்புங்கள். தாத்தா பாட்டிக்கு அதுவே போதும். மூன்றாம் வரிசையில் முகம் தெரியாமல் ஆடும் வீடியோவை அவர்கள் ஒரு நிமிடத்துக்கு மேல் பார்ப்பதில்லை.

“ராத்திரி ஒத்திகை முடிஞ்சு எப்படிக் கூட்டிட்டு வர்றது? எங்ககிட்ட ஒரு கார்தான்.”

இங்கே லிஃப்ட் கிளப் என்பார்கள்: ஒரே பக்கம் போகும் நாலு வீட்டார் முறைபோட்டுக்கொண்டு பிள்ளைகளை ஏற்றி இறக்குவது. முதல் பெற்றோர் கூட்டத்திலேயே உங்கள் பகுதியைச் சொல்லிக் கேளுங்கள், ஆள் கிடைக்கும். இருட்டியபின் பிள்ளையைப் பள்ளி வாசலுக்கு வெளியே காத்திருக்க விடாதீர்கள். உள்ளேயே நிற்கச் சொல்லி, நீங்கள் வந்ததும் கூப்பிடுங்கள். ஒத்திகை எட்டு மணிக்கு முடியும் என்றால் எட்டே காலுக்கு முடியும்.

“தைப்பூசம், ஆடி, புரட்டாசி எல்லாம் குறுக்க வருதே. என்ன செய்யறது?”

தைப்பூசக் காவடி ஆடிஷன் நேரத்தில் வரும். ஆடி மாத மாரியம்மன் கஞ்சி வழிபாடு பல பள்ளிகளில் நாடகம் மேடையேறும் வாரங்களோடு மோதும். புரட்டாசி ஹவுஸ் பிளே காலம். இவை எதற்கும் இங்கே அரசு விடுமுறை கிடையாது. ஆனால் டர்பன் பள்ளிகளுக்கு இது புதிதும் இல்லை; தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள். ஒத்திகை அட்டவணை போடும் முன்பே, தேதிகளை எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவிட்டால் பிள்ளை இல்லாத காட்சிகளை அந்த நாட்களில் வைத்துக்கொள்வார்கள். முதல் நாள் இரவு செய்தி அனுப்பினால்தான் முகம் சுளிப்பார்கள்.

நாக்கில் அலகு குத்திக் காவடி எடுக்கும் பிள்ளை என்றால், அடுத்த சில நாட்கள் தனிப்பாட்டு வேண்டாம் என்று கொயர் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். புரட்டாசியில் சைவம் என்பதையும் சொல்லிவையுங்கள். ஒத்திகைச் சாப்பாடு பெரும்பாலும் பீட்சா, எல்லாவற்றிலும் கோழி இருக்கும்.

“இதுல தமிழுக்கு எங்கங்க இடம்?”

பெரிய நாடகத்தில் இருக்காது. ஹவுஸ் பிளேவிலும் மரபு நாள் நிகழ்ச்சியிலும் இருக்கலாம், கேட்டால். “கேட்டால்” என்பதை அழுத்திச் சொல்கிறேன். மரபு நாளுக்கு நம் பிள்ளைகள் கேட்டு வாங்கி மேடையேற்றுவது பெரும்பாலும் சினிமாப் பாட்டு நடனமாகவே இருக்கிறது. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் இந்த மண்ணிலேயே நூறாண்டுக்கு மேல் வாழ்ந்த தமிழ் நாடகம் ஒன்று இருக்கிறதே!

1860-க்கும் 1911-க்கும் இடையில் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். அவர்கள் தெருக்கூத்தையும் கொண்டுவந்தார்கள். இங்கே அதன் பெயர் சிக்ஸ் ஃபுட் டான்ஸ். கரும்புத் தோட்டங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் விடிய விடிய பாரதக் கதை ஆடியிருக்கிறார்கள். கட்டைக் கிரீடமும் முகப்பூச்சும் அடவும் இன்னும் சில குடும்பங்களில் இருக்கின்றன. அப்படி ஒரு பெரியவரைப் பள்ளிக்கு அழைத்து, ஒரு காட்சியைப் பிள்ளைகளுக்குப் பழக்கச் சொல்லலாம். ஜூலு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடுவார்கள். காலைத் தரையில் ஓங்கி மிதிக்கும் ஆட்டம் அவர்களுக்கும் சொந்தம்தான்.

ஆங்கிலத்தில் எழுதினாலும் நம் ஆட்களின் வாழ்க்கையை மேடையில் வைத்தவர்களும் உண்டு. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் பிறந்த ரோனி கோவெண்டர் (1934–2021), இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் அந்த ஊர் காலிசெய்யப்பட்ட கதையை நாடகமாக்கினார். டிராமாட்டிக் ஆர்ட்ஸ் எடுக்கும் பிள்ளை செய்முறைக்குத் துண்டு தேடும்போது அவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

“சரஃபினா போடுறாங்களாம். போலீஸ், துப்பாக்கி, அழுகை… பிள்ளைங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?”

1976 ஜூன் 16 அன்று சொவேட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் ஆஃப்ரிகான்ஸ் வழியில் பாடம் நடத்துவதை எதிர்த்து ஊர்வலம் போனார்கள், போலீஸ் சுட்டது. அந்த நாள்தான் இங்கே இளைஞர் தினம். அதைப் பின்னணியாகக் கொண்ட இசை நாடகம்தான் சரஃபினா. 1987-இல் ஜோகன்னஸ்பர்க் மார்க்கெட் தியேட்டரில் தொடங்கி அடுத்த ஆண்டு நியூயார்க் பிராட்வேக்குப் போனது. எழுதிய ம்போங்கெனி ங்கேமா டர்பனுக்குப் பக்கத்தில் நம்மவர்கள் நிறைய வாழும் வெருலமில் பிறந்தவர்.

கதையில் வருகிறவர்கள் உங்கள் பிள்ளையின் வயதுக்காரர்கள். அந்த வயதுப் பிள்ளைகள் செய்ததை அந்த வயதுப் பிள்ளைகள் நடிப்பதில் எனக்கு மறுப்பில்லை. பக்கத்து இருக்கைத் தோழியின் பாட்டி அன்று எங்கே இருந்தார் என்று உங்கள் மகள் அப்போதுதான் கேட்பாள். பயமாக இருந்தால் பிரதியை வாங்கிப் படியுங்கள், ஆசிரியரிடம் பேசுங்கள். பிள்ளையைச் சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள்.

“காதல் காட்சி இருக்காம். பக்கத்துப் பசங்க ஸ்கூலோட சேர்ந்து வேற போடுறாங்க. முடியாதுன்னு சொல்லலாமா?”

சொல்லலாம், ஆனால் ஆடிஷன் படிவத்திலேயே சொல்லுங்கள். தனிப் பெண்கள் பள்ளியும் ஆண்கள் பள்ளியும் சேர்ந்து நாடகம் போடுவது இங்கே சாதாரணம். ஆசிரியர்கள் கூடவே இருப்பார்கள். எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தி முத்தம் கொடுக்கவைக்க மாட்டார்கள். முகத்தைத் திருப்புவது, விளக்கை அணைப்பது, கைகோத்து நிறுத்துவது என்று பல வழி உண்டு. ஆனால் உரிமம் பெற்ற பிரதியில் ஒரு வசனத்தை அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. ஆகவே “அந்த வரியை எடுத்துவிடுங்கள்” என்று கேட்டால் ஆசிரியர் கையை விரிப்பார். “அந்தக் காட்சியை வேறு மாதிரி நிறுத்துங்கள்” என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

“மெயின் ரோல் கிடைக்கல, அழுதுகிட்டே இருக்கா. டீச்சர்கிட்ட நான் பேசட்டுமா?”

வேண்டாம். பட்டியல் ஒட்டிய வாரத்தில் ஆசிரியருக்கு வரும் மின்னஞ்சல்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்; பட்டியல் மாறியதை நான் பார்த்ததில்லை. குறை எங்கே என்று தெரிய வேண்டுமானால் உங்கள் மகளே ஒரு வாரம் கழித்துப் போய்க் கேட்கட்டும். எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் முக்கிய வேடம் அபூர்வம். பெரியவர்களுக்கு முதலில் கொடுப்பது வழக்கம். கோரஸில், அதாவது கூட்டமாகப் பாடி ஆடும் குழுவில், இரண்டு ஆண்டு நின்றவர்களைத்தான் பிறகு முன்னே கொண்டுவருகிறார்கள், ஏனென்றால் கோரஸ்தான் மேடையில் அதிக நேரம் நிற்கிறது, அதிகப் பாட்டுப் பாடுகிறது.

“நாடகத்தன்னிக்குக் கரண்ட் போச்சுன்னா?”

2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது அட்டவணையைப் பார்த்துத்தான் தேதியே வைத்தார்கள். இப்போது அவ்வளவு இல்லை. ஆனாலும் பல பள்ளிகளில் ஜெனரேட்டர் இருக்கிறது. இல்லாத பள்ளியில் கைவிளக்கோடு பாடி முடித்துவிடுவார்கள்.

“மேட்ரிக் வருஷத்துல எல்லாத்தையும் நிறுத்திடணுமா?”

முதல் இரண்டு பருவங்களில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் பருவத்தில் வேண்டாம். டிராமாட்டிக் ஆர்ட்ஸோ இசையோ பாடமாக இருந்தால் செய்முறைத் தேர்வு எழுத்துத் தேர்வுக்கு முன்பே வந்துவிடும், அதற்கான ஒத்திகை தனி. கலைப் பணிக்காக வழங்கும் ‘கலர்ஸ்’ விருதுக்குப் பல பள்ளிகளில் எட்டாம் வகுப்பிலிருந்தே புள்ளிகள் சேர்கின்றன. மேடைக்குப் பின்னால் செய்த வேலைக்கும் புள்ளி உண்டு. கணக்கைப் பத்தாம் வகுப்பிலேயே ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் மேட்ரிக் ஆண்டில் புள்ளிக்காக அலைய வேண்டாம். ஜூன், ஜூலையில் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்து மக்காண்டா நகரில் தேசியக் கலை விழா நடக்கும். பள்ளி கூட்டிப் போனால், மேட்ரிக்காக இல்லாத ஆண்டில் அனுப்புங்கள்.

“கடைசி நாள் நாடகம் முடிஞ்சதும் கூட்டிட்டு வந்துடலாமா?”

முடியாது. கடைசி இரவு திரை விழுந்ததும் மேடையைக் கலைக்கும் வேலை தொடங்கும். தட்டிகளைப் பிரிப்பது, ஆணி பொறுக்குவது, மைக் எண்ணி அடுக்குவது, உடைகளைத் துவைப்பதற்கும் திருப்பித் தருவதற்கும் பிரிப்பது என்று நடு இரவுகூட ஆகலாம். முக்கிய வேடம் போட்டவரும் ஆணி பொறுக்க வேண்டும். பெற்றோர் வந்து உதவினால் சீக்கிரம் முடியும். ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் கொண்டுவாருங்கள், பள்ளியில் இருப்பது எப்போதும் தொலைந்திருக்கும். அப்புறம், எங்களிடமிருந்து எடுத்துப்போன உடை வீட்டில் இருந்தால் துவைத்து, பெயர்ச் சீட்டோடு திங்கட்கிழமை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.